எதிரில் இருப்பவர் நீங்கலாக

"சாப்பிட்டியா?" என்று டாக்டர் கேட்டதற்கு அந்தப் பெண், "சாப்ட்டோம்" என்றாள்.

முதல் நாள் அது டாக்டரின் காதில் விழுந்து, செருப்புக்குள் புகுந்த சின்னக் கல்லைப் போல ஒரு நொடி உறுத்திவிட்டு, அடுத்த கேள்வியில் மறந்துபோயிற்று. சிறார் இல்லத்தில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார்கள், எல்லோரோடும் சேர்ந்து சாப்பிட்டதைச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டாள். வெளியே வரும்போது வார்டன்தான் பேச்சுவாக்கில் சொன்னார், அந்தப் பெண்ணுக்கு மட்டும் தட்டு தனி அறைக்குப் போகிறது என்று. மற்ற பிள்ளைகள் அவளோடு ஒரே அறையில் படுக்க மாட்டோம் என்று ஒற்றைக்காலில் நின்றார்களாம். ஏன் என்று கேட்டால் ஒருத்தியும் வாய் திறக்கவில்லையாம்.

"அப்ப தனியாத்தான் சாப்பிடுறாளா?"

"தனியாத்தான் டாக்டர். நானே கொண்டுபோய் வெக்கிறேன், நானே தட்டை எடுத்துட்டு வரேன். பேச்சுத் துணைக்கு ஒரு ஈ எறும்பு கிடையாது."

டாக்டர் தலையாட்டிவிட்டுக் காரை எடுத்தாள். பாதி வழி போன பிறகு அந்த "சாப்ட்டோம்" மறுபடி உறுத்தியது.

அவள் மனநல மருத்துவர். பெரியவர்கள் செய்கிற குற்றத்தைச் செய்துவிட்டு வந்து நிற்கிற பிள்ளைகளை நீதிமன்றம் அவளிடம்தான் அனுப்பும். செய்தது யார் என்று பார்ப்பது போலீஸ் வேலை. செய்த மனசு எப்படிப்பட்டது, என்ன செய்கிறோம் என்று புரிந்து செய்ததா, மறுபடி செய்யுமா, வீட்டுக்கு அனுப்பலாமா என்று சொல்வது அவள் வேலை. ஆளைப் பார்த்ததுமே உள்ளே இருப்பதைப் படித்துவிடுவாள் என்று நீதிமன்றத்தில் பேசிக்கொள்வார்கள். அதெல்லாம் சும்மா. அவளிடம் இருந்ததெல்லாம் ஒரு நல்ல காது. பிள்ளைகள் சொல்வதை அவள் திருத்த மாட்டாள், நேர்படுத்த மாட்டாள், அவர்கள் வாயில் வந்தபடியே மனசில் வாங்கிக்கொள்வாள். அந்தக் காதை நம்பித்தான் இத்தனை வருஷம் பிழைப்பு ஓடியது.

வழக்கு இதுதான். பெண்ணுக்குப் பதினைந்து வயது. தங்கை ஒருத்தி இருக்கிறாள், ஐந்து வயது, வீட்டில் எல்லோருக்கும் பாப்பா. அப்பா லாரி ஓட்டுகிறவர், வாரத்தில் பாதி நாள் வெளியூரில் இருப்பார். அம்மாவுக்கு மூச்சிழுப்பு உண்டு. ஒரு நாள் மாலை, சமையலறைக்குப் பக்கத்தில் இருக்கும் ஜன்னலில்லாத சாமான் அறைக்குள் அம்மா எதையோ எடுக்கப் போனாள். வெளியே கதவின் உச்சியில் ஒரு தாழ்ப்பாள். அது போடப்பட்டது. அம்மா தட்டினாள். மேல்வீட்டுக்காரர்கள் யாரோ சுவரில் ஆணி அடிக்கிறார்கள் என்று நினைத்தார்கள். அம்மாவின் இன்ஹேலர் ஹாலில் டிவிக்குப் பக்கத்திலேயே இருந்தது. காலையில் அப்பா வந்து திறக்கும்வரை மூத்தவள் சோபாவை விட்டு எழுந்திருக்கவில்லை. டிவி ஓடிக்கொண்டே இருந்தது.

அவள் எதையும் மறுக்கவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதிலைச் சொன்னாள். "நாங்க கதவைச் சாத்துனோம். தட்டுனாங்க. நாங்க திறக்கல." போலீஸ்காரர்கள் அதை "நான்" என்று நேராக்கிக்கொண்டார்கள். வீட்டில் வேறு யாரும் இல்லையே. காய்ச்சலோடு உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்த பாப்பாவை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

நம் பேச்சில் மூன்று வயதுக் குழந்தைகூட இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாது. நாம என்றால் எதிரில் நிற்பவரும் சேர்த்தி. நாங்க என்றால் எதிரில் நிற்பவர் வெளியே. நாங்க என்று ஒருத்தி சொன்னால் அவளுக்குப் பக்கத்தில் இன்னொரு ஆள் இருந்தாக வேண்டும். ராஜாக்களும் மந்திரிகளும் வேண்டுமானால் ஒற்றை ஆளாக உட்கார்ந்துகொண்டு நாங்க என்று சொல்லிக்கொள்ளலாம். துவைத்துத் துவைத்து நிறம் போன சீருடையில், நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு பள்ளிக்கூடத்துப் பெண் எதற்கு அப்படிச் சொல்கிறாள்?

இந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டால் அப்புறம் நான் என்ன டாக்டர் என்று அவளுக்கே தோன்றியது.

இரண்டாவது அமர்வு ஒரு மழைநாள் மாலையில் நடந்தது. விசாரணை அறைச் சுவர்களுக்கு இடுப்புயரம்வரை நீல வண்ணம் அடித்திருந்தார்கள். பினாயில் வாசனையும், காயாத துணியின் புழுங்கல் வாசனையும், அதற்கு அடியில் எலி செத்ததோ என்று சந்தேகப்பட வைக்கிற மெல்லிய இனிப்பு வாசனை ஒன்றும் கலந்து நின்றன. மேலே மின்விசிறியின் ஓர் இறக்கை ஆடி ஆடி டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது. ஜன்னல் கம்பிகளுக்கு அப்பால் கொடியில் போட்டு எடுக்க மறந்த சீருடைகள் மழையில் கனத்துத் தொங்கின. மேஜைக்கு இந்தப் பக்கம் டாக்டர், அந்தப் பக்கம் மூத்தவள். சுவரோரம் சில காலி நாற்காலிகள்.

"அன்னைக்கு ஹால்ல யார் யார் இருந்தீங்க?"

"நாங்கதான்."

"நீயும் பாப்பாவுமா?"

"பாப்பாவுக்குக் காய்ச்சல். மாத்திரை போட்டுத் தூங்கிட்டா. நாங்க டிவி பாத்துட்டிருந்தோம்."

"அப்ப நாங்கன்னா யாரு?"

டிக் டிக் நின்றது. டாக்டர் அண்ணாந்து பார்த்தாள். விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

அந்தப் பெண் நகம் கடிப்பதை நிறுத்திவிட்டு முதல்முறையாக டாக்டரின் முகத்தை நேராகப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்தது திமிர் என்று போலீஸ் சொல்லியிருந்தது. கிட்டத்தில் பார்த்தபோது அது களைப்பு என்று டாக்டருக்குத் தெரிந்தது. பல நாளாகச் சுமையை இறக்கி வைக்க இடம் கிடைக்காதவளின் களைப்பு.

"அதை மட்டும் கேக்காதீங்க டாக்டர். மொதல்ல வந்தாரே, அந்தப் பெரிய டாக்டர், அவர்கூட கேக்க வந்துட்டுப் பாதியில எழுந்து போயிட்டார்."

"கேட்டா என்ன ஆகும்?"

"கேட்டா சொல்லணும். சொன்னா, அப்புறம் உங்களை விட்டுட்டுச் சொல்ல முடியாது."

இந்த இடத்தில் எழுந்து வந்திருக்கலாம். ஆனால் பூட்டிய பிள்ளைகளைத் திறப்பதில் அவளுக்கு ஒரு பெருமை இருந்தது. திறக்கிற சாவியும் இருந்தது, நூறு பிள்ளைகளிடம் சொல்லிப் பழகிய ஒரு வாக்கியம். அதை அவள் யோசித்துச் சொல்வதில்லை, வணக்கம் சொல்வது போலத் தானாக வந்துவிடும். மேஜையில் கையை நீட்டி, அந்தப் பெண்ணின் விரல்களைத் தொட்டு, அதையே சொன்னாள்.

"பயப்படாதே. நீ தனியா இல்ல. எதுவா இருந்தாலும் நாம சேர்ந்து பார்த்துக்கலாம். சொல்லு, யாரு?"

அந்தப் பெண்ணுக்குக் கண் நிறைந்தது.

"நாமன்னு நீங்களே சொல்லிட்டீங்களே" என்றாள். "இனிமே நான் என்னத்தைச் சொல்ல."

மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு விம்மினாள். விம்மல் நீண்ட மூச்சாகி, சற்று நேரத்தில் அப்படியே தூங்கிப்போனாள். இல்லத்துக்கு வந்த நாளிலிருந்து கண்ணை மூடாதவள் என்று வார்டன் சொல்லியிருந்தார். விசிறியின் டிக் டிக் மறுபடி கேட்டது. டாக்டரின் பிடரியில் மட்டும் குளிர்ந்த காற்று நின்றது. பின்னால் சுவர்தான் இருந்தது, கதவோ ஜன்னலோ இல்லை.

வார்டன் வந்து கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். டாக்டர் வெளியே வந்துவிட்டாள். வார்டன் கதவை விடவில்லை, மரியாதையாக ஒதுங்கி, பிடித்தபடியே நின்றார்.

"யாருக்காக நிக்கறீங்க?"

வார்டன் விழித்தார். "தெரியல டாக்டர். ஏதோ ஞாபகம்" என்று சிரித்துச் சமாளித்துவிட்டுக் கதவைச் சாத்தினார். சாத்துவதற்கு முன் ஒரு பக்கமாக எட்டிப் பார்த்ததை டாக்டர் கவனித்தாள்.

அவளுடைய அடுக்குமாடி லிஃப்ட்டில் ஆறு பேர் போகலாம். அன்றைக்கு அவள் தனியாக ஏறி பொத்தானை அழுத்தியபோது, பாரம் அதிகம் என்று சிவப்பு விளக்கு எரிந்து மணி அடித்தது. இறங்கினாள், மணி நின்றது. ஏறினாள், மறுபடி அடித்தது. எடை கூடிவிட்டது என்று கணவர் கேலி செய்வார் என்று நினைத்துச் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. படியேறினாள். ஈரச் செருப்பின் சத்தம் கூடவே ஏறியது. அவள் நின்றால் அது நிற்கவில்லை. ஒரு படி கூடுதலாக ஏறிவிட்டுத்தான் நின்றது.

அவள் கணவர் கணக்கு வாத்தியார். ஒரே மகன் வெளியூரில் படிக்கிறான். இரண்டு பேர் மட்டும் இருக்கிற வீட்டில் அவர் பேப்பர் திருத்திக்கொண்டே தலை நிமிராமல் கேட்டார்.

"சாப்ட்டியா?"

"சாப்ட்டோம்."

"யாரு, மகாராணியும் பரிவாரமுமா?"

"கேக்காதீங்க!"

அவள் போட்ட கூச்சலில் அவர் பேனா கீழே விழுந்தது. இருபது வருஷத்தில் அவள் அவரிடம் அப்படிக் கத்தியதில்லை. அவர் எழுந்து வந்து நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். "உடம்பு சுடலையே, ஜில்லுனு இருக்கு" என்றார். அவள் அவர் கையை விலக்கிவிட்டு மகனுடைய காலி அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டாள். உண்மையில் அவள் காலையிலிருந்து ஒன்றுமே சாப்பிட்டிருக்கவில்லை. வயிறு மட்டும் நிறைந்து, கனத்து, யாரோ வயிறாரச் சாப்பிட்டு முடித்தது போல இருந்தது.

மறுநாள் பகலில் அலுவலகத்துக்குப் பெரிய டாக்டரிடமிருந்து போன் வந்தது. அவளுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர். இந்த வழக்கை முதலில் எடுத்துவிட்டு, உடம்பு சரியில்லை என்று அவளிடம் தள்ளிவிட்டவரும் அவர்தான்.

"அந்தப் பொண்ணைப் பாத்தியாம்மா?"

"பாத்தேன் சார்."

"நீ அந்தக் கேள்வியைக் கேக்கலையே? எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. எழுந்து வந்துட்டேன். அதைச் சொல்லித்தான் உன்கிட்ட குடுத்திருக்கணும், சொன்னா சிரிப்பியேன்னு விட்டுட்டேன். தப்புதான். நீ கேக்கலையே?"

அவள் பதில் சொல்லவில்லை. அவருடைய மூச்சு மட்டும் கேட்டது. பிறகு குரல் மாறிவிட்டது.

"இப்ப நீங்க எங்க இருக்கீங்க?"

"ஆபீஸ்லதான் சார்."

"அங்கேயே இருங்க. சின்னப் பிள்ளைங்க இருக்கிற வீட்டுப் பக்கம் மட்டும் போயிடாதீங்க. பெரியவங்க கேக்க யோசிப்பாங்க. பிள்ளைங்க யோசிக்காது. போகாதீங்க. கேக்குதா உங்களுக்கு?"

போனை வைத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அவள் துறைத்தலைவர் ஆன அன்றுகூட "நீ பெரிய ஆளாயிட்டே போ" என்று தலையில் குட்டியவர். கோபத்திலும் சரி, கொஞ்சலிலும் சரி, நீ என்பதைத் தவிர வேறு வார்த்தை அவர் வாயில் வந்ததில்லை. இன்றைக்கு எதற்கு நீங்க? இந்த வயசில் புதிதாக மரியாதையா?

அது மரியாதை இல்லை.

எண்ணிக்கை.

அறையைச் சுற்றிப் பார்த்தாள். அலமாரி, தண்ணீர்ப் பாட்டில், சுழல் நாற்காலி. சுழல் நாற்காலி மெதுவாக, மிக மெதுவாக அவள் பக்கம் திரும்பி நின்றது.

அன்று மாலையே மூன்றாவது அமர்வு இருந்தது. மறுநாள் காலை நீதிமன்றத்தில் அபிப்பிராயம் சொல்லியாக வேண்டும், தள்ளிப்போட வழியில்லை. வார்டன் வாசலிலேயே முகமெல்லாம் பல்லாக நின்றார்.

"உங்க கைராசியே கைராசி டாக்டர். பொண்ணு நேத்துலேருந்து அப்படித் தூங்குது. எழுந்து தலை வாரிக்கிச்சு. அம்மா அம்மான்னு ஒரே அழுகை. அழட்டும், அழுதா நல்லதுதானே?"

"சாப்பிட்டியா?" என்று டாக்டர் கேட்டாள். தன் குரல் தூரத்திலிருந்து வருவது போல அவளுக்கே கேட்டது.

"சாப்ட்டேன்" என்றாள் மூத்தவள்.

நேற்றிருந்தவள் இல்லை இவள். முகத்தில் ரத்தம் ஓடியது. அழுது அழுது மூக்கு சிவந்து, சாதாரணமாக, பாவமாக, வெறும் பதினைந்து வயதாக உட்கார்ந்திருந்தாள். கேட்காமலேயே பேசினாள்.

"அம்மா தட்டத் தட்ட எழுந்து போகணும்னுதான் டாக்டர் நெனச்சேன். சத்தியமா நெனச்சேன். காலு எழும்பல. ரெண்டு பக்கமும் இடிச்சு உக்காந்திருந்தா எப்படி எழுந்திருக்க முடியாதோ அப்படி. கண்ணை மட்டும் திருப்ப முடிஞ்சுது. இன்ஹேலர் கண்ணுக்கு முன்னாடியே இருந்துச்சு. தட்டுற சத்தம் சின்னதாகிட்டே போச்சு." மூக்கை உறிஞ்சினாள். "எங்க அம்மா டாக்டர். அவங்களுக்கு நான்னா உயிரு."

டாக்டர் கேட்டுக்கொண்டிருந்தாள். தொழிலில் இவ்வளவு தெளிவான ஒரு மனசை அவள் பார்த்ததில்லை. இவளை வீட்டுக்கு அனுப்பலாம், தாராளமாக அனுப்பலாம். எது போக வேண்டுமோ அது போய்விட்டது. எங்கே போனது என்பதுதான் மிச்சம்.

மூத்தவளும் அதையே நினைத்திருக்க வேண்டும். பேசிக்கொண்டே வந்தவள் டாக்டரின் தோளுக்கு மேலே பார்த்தாள். நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். நாற்காலி சுவரில் முட்டிற்று.

"டாக்டர், நீங்க எங்க வீட்டுக்குப் போவீங்களா?"

"வழக்கமா ஒரு தடவை போய்ப் பார்ப்போம்."

பார்ப்போம். சொன்ன பிறகுதான் வார்த்தை இருவர் காதிலும் விழுந்தது.

"போகாதீங்க." அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். "உங்க கால்ல விழறேன், போகாதீங்க. அங்க பாப்பா இருக்கா. அவ எதைப் பாத்தாலும் யாரு யாருன்னு கேப்பா. பூனையைப் பாத்தாக்கூட இது யாருன்னுதான் கேப்பா. நான் அவ முன்னாடி வாயே திறக்காம இருந்தேன். அவ கேக்காம பாத்துக்கிட்டேன். உங்களால அது முடியாது டாக்டர்."

"போக மாட்டேன்" என்றாள் டாக்டர். "நான் போக மாட்டேன்."

'நான்' என்ற அந்தச் சொல்லைத் தொண்டையிலிருந்து பிடுங்கி எடுக்க வேண்டியிருந்தது. ஆனால் சொன்னாள். மனசார, உறுதியாகச் சொன்னாள். அந்தப் பெண்ணைப் பார்த்தபோது அவளுக்கு வந்தது பயத்தைவிட இரக்கம்தான். ஒரு குழந்தையின் உயிரைக் காப்பாற்ற இன்னொரு குழந்தை இத்தனை நாள் வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறாள். அதைக் கெடுக்க இவள் யார்?

உடனே செய்ய வேண்டியதைச் செய்தாள். வீட்டைப் பார்க்கத் தேவையில்லை, பெண்ணை அப்பாவோடு அனுப்பலாம் என்று நீதிமன்றத்துக்குச் சொல்லியனுப்பினாள். கணவரை அழைத்து, இன்றைக்கு வீட்டுக்கு வரவில்லை, அலுவலகத்திலேயே தங்குகிறேன், யாரும் வர வேண்டாம் என்றாள். ஏன் என்று அவர் கேட்பதற்குள் போனை அணைத்தாள். அலுவலகத்தில் குழந்தைகள் கிடையாது. அறைக்கு உள்தாழ் உண்டு. விடியட்டும், பெரிய டாக்டரைக் கேட்டு மேற்கொண்டு யோசிக்கலாம். காரை எடுத்தாள். இல்லத்து வாசலில் வலது பக்கம் திரும்பினால் அலுவலகம். வலது பக்க விளக்கைப் போட்டாள். அது டிக் டிக் என்று மினுக்கியது.

மழை விட்டிருந்தது. சாலையோர விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கிய நேரம். தார்ச்சாலையின் ஈரத்தில் மஞ்சள் வெளிச்சம் வழிந்தது, டயர்கள் தண்ணீரைக் கிழிக்கும் சத்தம் ஒரே சீராகக் கேட்டது, கண்ணாடிகள் எல்லாம் உள்பக்கமாக மூச்சு பட்டது போல மங்கிக்கொண்டே வந்தன. துடைத்தாள். மங்கின. பின்கண்ணாடியும் மங்கியிருந்தது. பின்சீட்டில் யார் மூச்சு விட்டு அது மங்கும் என்று யோசிக்கக் கூடாது என்று முடிவு செய்தாள். ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்திருந்தாள்.

கார் நின்றது. அலுவலகம் இல்லை.

ஒரு சந்து. ஈரச் சுவர். கம்பிக் கதவுக்கு அப்பால் தரைத்தள வீடு. வாசலில் சின்னஞ்சிறு செருப்பு ஒரு ஜோடி. முகவரியை அவள் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறாள்.

திரும்பிப் போ என்று காலுக்குச் சொன்னாள். கால் இறங்கியது.

"வாங்க வாங்க டாக்டரம்மா!" அப்பா வாசலுக்கே ஓடி வந்தார். தோய்த்த சட்டை, சவரம் செய்த முகம். கண் கலங்கியிருந்தது. "வார்டன் போன் பண்ணிச் சொன்னாங்க. நாளைக்கே என் பொண்ணைக் கூட்டிட்டு வரலாமாமே. நீங்க தெய்வம் மாதிரி. உள்ள வாங்க."

வேண்டாம், என்னை உள்ளே விடாதீர்கள், முகத்தில் அறைந்து கதவைச் சாத்துங்கள். இதெல்லாம் தொண்டை வரை வந்தது.

"வரோம்" என்றது அவள் வாய்.

ஹால் சின்னது. டிவி ஓடிக்கொண்டிருந்தது. அதன் எதிரே பழுப்பு நிறத்தில் நீளமான சோபா. காலியாக இருந்தது. சமையலறை வழியே ஈரச் சுண்ணாம்பு வாசனை வந்தது. அப்பா பேசிக்கொண்டே முன்னால் போனார்.

"அந்த ரூமுக்கு வெள்ளையடிச்சுட்டேன் டாக்டரம்மா. சாமானெல்லாம் எடுத்தாச்சு. எம்பொண்ணு வந்து அதைப் பாத்து மறுபடி அழக் கூடாதில்ல. கதவையே கழட்டிடச் சொல்லி ஆசாரிகிட்ட சொல்லியிருக்கேன், நாளைக்குக் காலைல வரேன்னிருக்கார். பாருங்க, எவ்வளவு வெளிச்சமா இருக்கு."

அவர் உள்ளே போய் விளக்கைப் போட்டார். வெள்ளைச் சுவர்களுக்கு நடுவே, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். பெருமையாக மேலே காட்டினார்.

அவள் வாசற்படியில் நின்றாள். தன் வலது கை உயர்வதைப் பார்த்தாள். கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் உச்சியில் இருந்தது, குதிகாலை உயர்த்த வேண்டியிருந்தது. உயர்த்தினாள். இரும்பு இரும்பில் உரசிக்கொண்டு போய் உட்கார்ந்தது.

உள்ளே சிரிப்பு.

"பாப்பா! வெளையாடாத! டாக்டரம்மா வந்திருக்காங்க, கதவைத் திற!"

தட்டினார். விளையாட்டாக. பிறகு கொஞ்சம் பலமாக.

"டாக்டரம்மா? இருக்கீங்களா? பாப்பா கதவைச் சாத்திட்டாளா பாருங்க."

அவள் ஹாலுக்கு வந்துவிட்டிருந்தாள். நடந்தது நினைவில்லை. சோபாவுக்கு முன்னால் நின்றாள். போனை எடுக்க நினைத்தாள். கை எழவில்லை. அலற நினைத்தாள். வாயைத் திறக்கக் கூடாது. எதற்காகவும் திறக்கக் கூடாது. நாக்கைப் பற்களுக்கு நடுவே வைத்துக் கடித்தாள். உப்புக் கரித்தது. இன்னும் பலமாகக் கடித்தாள்.

உள்ளறைத் திரை விலகியது.

தூங்கி எழுந்த முகம். கலைந்த தலை. கையில் ஒரு வண்ணக் குச்சி. பாப்பா வந்து சோபாவின் நட்டநடுவில் ஏறி உட்கார்ந்தாள். தட்டுகிற சத்தத்தின் பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு டாக்டரைப் பார்த்தாள். பயப்படவில்லை. வீட்டுக்கு ஆள் வந்தால் பாப்பாவுக்குப் பிடிக்கும்.

"உக்காருங்க" என்றாள்.

டாக்டர் அசையவில்லை. முழங்கால்கள் தாமாக மடங்கின. சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

பாப்பா கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

அவள் பக்கத்தில் மெத்தை அமுங்கியது. பாப்பா இன்னும் நகர்ந்தாள். மறுபடி அமுங்கியது. மறுபடி நகர்ந்தாள். நல்ல பிள்ளையாக, முகம் சுளிக்காமல், ஒவ்வொரு முறையும் பாவாடையை ஒதுக்கிக்கொண்டு நகர்ந்து நகர்ந்து, சோபாவின் மறுமுனைக் கைப்பிடியோடு ஒட்டிக்கொண்டாள். இருவருக்கும் நடுவே வெறும் பழுப்புத் துணி. அதில் குழி குழியாக.

கதவு இடிபட்டது. "பாப்பா! பாப்பா!"

பாப்பா காதில் போட்டுக்கொள்ளவில்லை. புதிதாக வந்தவர்களைப் பார்ப்பதில் மும்முரமாக இருந்தாள். முதல் குழிக்கு மேலே பார்த்தாள், தன் உயரத்துக்கு. அடுத்ததற்குக் கொஞ்சம் நிமிர்ந்து பார்த்தாள். அதற்கு அடுத்ததற்கு, இடுப்பில் இருக்கிற கைக்குழந்தையைப் பார்ப்பது போலக் குனிந்து, சிரித்தாள். கடைசியாகத் தனக்குப் பக்கத்தில் இருந்ததைப் பார்க்கக் கழுத்தைப் பின்னால் சாய்த்தாள், இன்னும் சாய்த்தாள். தலை கைப்பிடியில் படும்வரை சாய்த்தாள். கண்கள் விட்டத்தில் போய் நின்றன.

அங்கேயே பார்த்துக்கொண்டு, விரலை மட்டும் மேலே நீட்டி, டாக்டரிடம் கேட்டாள்.

"இது யாரு?"

டாக்டரின் பற்கள் விலகின. ரத்தம் மோவாயில் வழிந்தது. வாய் திறந்தது.